பழைய கடைவீடுகளுக்கு நடுவில் புதிதாகக் கட்டும்போது எதைப் பார்த்துக் கட்டுவது?

நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பினாங்கின் ஜார்ஜ்டவுனில் உங்கள் அப்பா பெயரில் ஒரு காலி லாட் (மனை) இருக்கிறது. இரண்டு பக்கமும் பழைய கடைவீடுகள், அதாவது கீழே கடையும் மேலே வீடுமாக வரிசையாக ஒட்டி நிற்பவை. ஆர்க்கிடெக்ட் கண்ணாடியும் இரும்புமாக ஒரு முகப்பு வரைந்து கொடுத்திருக்கிறார். உங்கள் பெரியப்பாவோ, பக்கத்து வீடு எப்படி இருக்கிறதோ அப்படியே மர ஜன்னல், பூ வேலை எல்லாம் வைத்துக் கட்டு என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்பது முதல் கேள்வி. உங்கள் அக்கா பினாங்கிலேயே தஞ்சோங் பூங்கா என்ற ஊர்ப் பக்கம் மலைச்சரிவில் ஒரு வீடு பார்த்திருக்கிறார், அதை 'இயற்கையோடு இயைந்த வீடு' என்று விற்கிறார்கள், அதை எப்படி எடைபோடுவது என்பது இரண்டாவது. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. ஏற்கெனவே அங்கே இருக்கும் ஒன்றுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கட்டுகிறோம். அதனிடமிருந்து எதை எடுத்துக்கொள்ள வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. நான் பினாங்கில் பல வருடமாக ஆர்க்கிடெக்ட்டாக வேலை செய்கிறேன். பழைய கடைவீடுகளைச் சரிசெய்வதும் அவற்றுக்கு நடுவில் புதிது கட்டுவதும்தான் என் வேலையில் பெரும்பகுதி. உங்கள் லாட்டை நான் பார்க்கவில்லை, வரைபடத்தையும் பார்க்கவில்லை. ஆகவே பொதுவாக எது உறுதி, எதில் இரண்டு கருத்து இருக்கிறது என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆர்க்கிடெக்ட், பெரியப்பா இரண்டு பேருமே முகப்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பழைய கடைவீட்டிடமிருந்து கற்க வேண்டியதில் பெரும்பகுதி முகப்புக்குப் பின்னால் இருக்கிறது. வெயிலையும் மழையையும் அது எப்படிச் சமாளிக்கிறது, தெருவில் நடப்பவருக்கு எவ்வளவு இடம் விடுகிறது, பக்கத்து வீட்டுச் சுவரை எப்படித் தாங்கி நிற்கிறது என்பவை முக்கியம். இவற்றைச் சரியாக எடுத்துக்கொண்ட கட்டடம் தோற்றத்தில் புதிதாக இருந்தாலும் அந்தத் தெருவில் பொருந்திவிடும். இவற்றை விட்டுவிட்டால் எத்தனை பூ வேலை ஒட்டினாலும் பொருந்தாது.

பெரியப்பா சொல்வதை எடுத்துக்கொள்வோம். பழைய மாதிரியே கட்டு என்றால், எந்தக் காலத்துப் பழசு? உங்கள் தெருவில் ஒருமுறை மெதுவாக நடந்து பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கட்டிய தாழ்ந்த இரண்டு மாடி வீடு இருக்கும், அதில் அலங்காரம் என்று பெரிதாக எதுவும் இருக்காது. அதை ஒட்டி 1900-ஐ ஒட்டிய காலத்து வீடு, வளைந்த ஜன்னல்கள், காரையில் செய்த பூக்கள், பூப்போட்ட தரை ஓடுகள். அதற்கு அடுத்து 1930-களின் ஆர்ட் டெக்கோ வீடு, கொடிக்கம்பமும் நேர்கோடுகளும் வருடத்தைப் பொறித்த கைப்பிடிச் சுவருமாக. அப்புறம் 1950-களில் கட்டிய ஒரு கான்கிரீட் வீடு, முகப்பில் காற்றுத் துளைக் கற்கள். ஒவ்வொன்றும் கட்டப்பட்டபோது அந்தத் தெருவின் புதுக் கட்டடமாகத்தான் இருந்தது. யாரும் பக்கத்து வீட்டின் ஜன்னலைப் பார்த்து வரையவில்லை. அப்படியிருந்தும் அந்த வரிசையைப் பார்த்தால் கண்ணுக்கு உறுத்தாது. ஏனென்றால் மூன்று விஷயங்களில் எல்லோரும் ஒத்துப்போயிருக்கிறார்கள். லாட்டின் குறுகிய அகலம் ஒன்று, முன்னால் நடைபாதை விட்டது ஒன்று, உயரத்தை வரிசைக்குள் அடக்கியது ஒன்று. ஆக, பெரியப்பா விரும்புவது தெருவின் ஒழுங்கு என்றால் நான் அவர் பக்கம். பூ வேலையை ஃபைபரில் வார்த்து ஒட்டுவது என்றால் இல்லை.

காக்கி லீமா என்கிற ஐந்தடி நடைபாதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1822-இல் ஆங்கிலேய அதிகாரி ரேஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்தபோது, ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் கூரையிட்ட நடைபாதை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். பிறகு அந்த வழக்கம் மலாய்த் தீபகற்பம் முழுக்கப் பரவியது. வெயிலிலும் மழையிலும் கடைவாசல் வழியாகவே ஊரைச் சுற்றிவரலாம். பூக்காரர், கைரேகை பார்ப்பவர், பத்திரிகை விற்பவர் எல்லோரும் அங்கேதான் பிழைத்தார்கள். நிலம் உங்களுடையது, ஆனால் அந்த ஐந்தடி ஊருக்கு. புதுக் கட்டடங்கள் இங்கேதான் முதலில் சறுக்குகின்றன. நடைபாதையின் தரையை அரை அடி உயர்த்திவிடுவார்கள், இரண்டு பக்கமும் படி வந்துவிடும், சக்கர நாற்காலியில் வருபவர் ரோட்டில் இறங்க வேண்டியதுதான். அல்லது தூண்களை எடுத்துவிட்டுக் கண்ணாடியைத் தெரு விளிம்பு வரை கொண்டுவந்துவிடுவார்கள். உங்கள் ஆர்க்கிடெக்ட்டின் படத்தில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். இரண்டு பக்கத்து வீடுகளின் நடைபாதை மட்டம், ஆழம், தூண் வரிசை மூன்றும் அளந்து குறிக்கப்பட்டிருக்கின்றனவா? இல்லையென்றால் அவர் இன்னும் தெருவைப் படிக்கவில்லை.

இனி அந்தக் கண்ணாடி. கண்ணாடி என்பதாலேயே எனக்கு அதில் வெறுப்பு இல்லை. எந்தத் திசை, எவ்வளவு நிழல் என்பதுதான் கேள்வி. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகைக்குச் சற்று மேல் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே நிற்கும். அதனால் வடக்கு பார்த்த சுவர்களுக்கும் இங்கே வெயில் உண்டு. ஆனால் நண்பகல் வெயில் உச்சியிலிருந்து இறங்குவதால் சிறிய மழைக்கூரை இருந்தாலே அதை மறைத்துவிடலாம். கிழக்கு மேற்கு பார்த்த முகப்புதான் சிக்கல். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்து நேராக உள்ளே வருகிறது. மேற்கு பார்த்த மாடியில் வெறும் கண்ணாடி போட்டால் மாலை நான்கு மணிக்கு மேல் அந்த அறையில் உட்கார முடியாது, ஏர்கோன்தான் கதி. பழைய வீட்டின் மரப் பலகை ஜன்னல் இதற்கு வழி கண்டுபிடித்திருந்தது. சாய்ந்த பலகைகள் வெயிலைத் தடுத்துக் காற்றை விடும், கீழே தரையை ஒட்டிய காற்றுவழி, மேலே உச்சியில் சூடு வெளியேற ஒரு துளை. இந்த மூன்று வேலைகளையும் இன்றைய பொருளில் செய்யலாம். அலுமினியப் பலகை, செங்கல் ஜாலி, சுட்ட மண் குழாய், மரம் எதுவாகவும் இருக்கலாம். கண்ணாடி அதற்குப் பின்னால் போகட்டும்.

உயரத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிதான் இருக்கிறது, ஐந்து மாடி முடியுமா என்று. ஜார்ஜ்டவுன் 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பிடித்தது. மையப் பகுதி 109 ஹெக்டேர், அதைச் சுற்றிய காப்புப் பகுதி 150 ஹெக்டேர். பட்டியலில் சேர்ந்த கையோடு சில உயரமான ஹோட்டல் திட்டங்களால் பெரிய சர்ச்சை எழுந்து, 18 மீட்டர் என்ற உயர வரம்பு வந்தது. 2016-இல் அரசிதழில் வெளியான சிறப்புப் பகுதித் திட்டம் இன்று நடைமுறையில் இருக்கிறது. 18 மீட்டர் என்பது உச்ச வரம்பு, எல்லோருக்கும் கிடைக்கும் உரிமை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்துக் கட்டடங்கள் பாதுகாக்கப்பட்ட வகையில் இருந்தால் அவற்றின் உயரமும் கணக்கில் வரும். உங்கள் லாட் எந்த வகையில் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை மாநகர் மன்றத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச் சொல்லை நம்பி வரைபடத்துக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

இந்த வரம்பைத் தொல்லையாகப் பார்ப்பவர்கள் நிறைய. நான் அப்படிப் பார்க்கவில்லை. குவீன் ஸ்திரீட்டில் நின்று பாருங்கள். 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோவிலின் கோபுரம் அந்தத் தெருவில் ஓங்கி நிற்பது கோபுரத்தின் உயரத்தால் மட்டுமில்லை, சுற்றியுள்ள கடைவீடுகள் அடங்கி நிற்பதால்தான். கொஞ்ச தூரத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் மினாராவுக்கும் அதே நியாயம். கோபுரத்தைவிட உயரமாக வீடு கட்டத் தயங்கிய ஊர்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் நம் தாத்தாக்கள். உயரத்தை எல்லோருக்கும் பொதுவான கட்டடத்துக்கு விட்டுக்கொடுத்த அந்த வழக்கம் இந்தத் தெருக்களில் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. அதில் ஒரு லாட் மட்டும் எழும்பினால் முழு வரிசையும் கெடும்.

வீட்டுக்குள் வந்தால் எனக்கு மிகவும் பிடித்த இடம் நடு முற்றம். லாட் அகலத்தில் குறுகியது, நீளத்தில் ஆழமானது, இரண்டு பக்கமும் பொதுச்சுவர். நடுவில் திறப்பு இல்லாவிட்டால் வெளிச்சமும் காற்றும் முன்னறையோடு நின்றுவிடும். பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகளில் (வட்டிக்கடைகளில்) வேலை பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றியிருக்காது, அவர்கள் முற்றம் வைத்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். முற்றம் எப்படி வேலை செய்கிறது என்பதை மத்தியானத்தில் நின்று பார்த்தால் தெரியும். கூரைக்கு மேலே சூடேறிய காற்று எழும்ப, முன் வாசலின் நிழலிலிருந்து குளிர்ந்த காற்று தரையோடு நகர்ந்து உள்ளே வரும், காலில் படும். மழை கொட்டும்போது நான்கு பக்கக் கூரையின் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து கருங்கல் கால்வாய் வழியாகப் பின் சந்துக்கு ஓடும். சத்தம் பெரிதாக இருக்கும், ஆனால் சுவர் நனையாது. இன்று லாட் வைத்திருப்பவர்கள் வாடகைச் சதுர அடிக்காக முதலில் மூடுவது இந்த முற்றத்தைத்தான். நீங்கள் மூடாதீர்கள். முழு முற்றம் வைக்க முடியாவிட்டால், படிக்கட்டை நடுவில் வைத்து அதன் தலைக்கு மேல் மழை புகாத காற்றுவழி விடுங்கள். அதிலேயே பாதிப் பயன் கிடைத்துவிடும்.

இனி நான் மிக உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன். அழகு பற்றிய பேச்சில் இது அடிபட்டுப் போகிறது. உங்கள் புதுக் கட்டடம் பக்கத்துப் பழைய வீடுகளைச் சேதப்படுத்தக் கூடாது. கடைவீடுகள் தனித்தனியாக நிற்பவை அல்ல. மாடித் தளத்தின் மர உத்திரங்கள் இரண்டு பொதுச்சுவர்களில் செருகப்பட்டு, ஒவ்வொரு வீடும் அடுத்ததைப் பிடித்து நிற்கிறது. நடுவில் ஒரு வீடு விழுந்துவிட்டால் இரண்டு பக்கத்துச் சுவர்களும் பிடிமானம் இழந்து நிற்கும். உங்கள் லாட் எப்படிக் காலியானது என்று எனக்குத் தெரியாவிட்டாலும், ஜார்ஜ்டவுனில் இப்படிப்பட்ட இடைவெளிகள் வந்த வழிகள் தெரியும். 1941 டிசம்பரில் ஜப்பானியர் போட்ட குண்டுகள் ஒன்று. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு 2000 ஜனவரியோடு பாதுகாப்பு முடிந்ததும், குடியிருந்தவர்கள் வெளியேறி, ஆளில்லாத வீடுகளின் கூரை ஒழுகி, உத்திரம் இற்றுச் சரிந்தது இன்னொன்று. எப்படிக் காலியாகியிருந்தாலும், அந்தச் சுவர்களுக்கு அஸ்திவாரம் ஆழமில்லை, செங்கல்லை அகலமாக அடுக்கி வைத்ததுதான். கடலுக்குப் பக்கமான மண், நிலத்தடி நீர் மேலேயே இருக்கும். அங்கே சுத்தியல் அடித்து பைல் (அஸ்திவாரத் தூண்) இறக்கினால் அதிர்வில் பக்கத்து வீடு விரிசல் விடும். அழுத்தி இறக்கும் பைலோ துளையிட்டு இறக்கும் மெல்லிய மைக்ரோபைலோதான் சரி. எது என்பதை மண் பரிசோதனை பார்த்து எஞ்சினியர் சொல்ல வேண்டும். வேலை தொடங்குவதற்கு முன் இரண்டு பக்கத்து வீடுகளிலும் ஒவ்வொரு விரிசலையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். பின்னால் வரும் சண்டையில் பாதி இதிலேயே அடங்கிவிடும்.

சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடைமழைக்குப் பின் ஒரு நாள், சிமெண்ட் பூசிச் சரிசெய்த பழைய சுவர் ஒன்றில் இடுப்பு உயரத்தில் கையை வைத்துப் பாருங்கள். மேலே பெயிண்ட் கொப்புளமாக எழும்பியிருக்கும், விரலால் அழுத்தினால் உடைந்து உள்ளிருந்து வெள்ளைப் பொடி கொட்டும். பூச்சைத் தட்டிப் பார்த்தால் டொக் டொக் என்று உள்ளே வெற்றிடம் ஒலிக்கும். அதைப் பெயர்த்தால் உள்ளிருக்கும் செங்கல் நகத்தால் சுரண்டும் அளவுக்கு இளகியிருக்கும். காரணம் எளிது. பழைய செங்கல் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சுவர் நனைந்தும் காய்ந்தும் நூறு வருடம் ஓடும். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும், அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்துச் செங்கல்லையே உடைக்கும். உங்கள் புதுக் கட்டடம் கான்கிரீட்டாகவே இருக்கட்டும். ஆனால் அதன் பக்கச் சுவரைப் பழைய பொதுச்சுவரோடு ஒட்டி வார்க்கக் கூடாது. தனித் தூண், தனி உத்திரம் வைத்து, இரண்டுக்கும் நடுவில் நெகிழும் இணைப்பு விட்டு, மேலே உலோகத் தகடு போட்டு மழையைத் தடுக்க வேண்டும். கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் மறைவாக வைக்கும் தகரக் கால்வாயில் ஒரு இலை அடைத்தாலே போதும், தண்ணீர் அடுத்த வீட்டின் உத்திர முனையில் இறங்கும். முடிந்தவரை கூரையைச் சாய்த்து, தண்ணீரைக் கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் வெளியே விடுங்கள். ஏர்கோனின் வெளி எந்திரம் பக்கத்துச் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்து ஊதுவதும், அதன் தண்ணீர் அந்தச் சுவரில் சொட்டுவதும் நான் அடிக்கடி பார்க்கிற சின்னத் தவறுகள். படத்திலேயே அதற்கு இடம் குறிக்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்த முக்கிய வாதம்: ஒத்திருக்க வேண்டுமா, வேறாகத் தெரிய வேண்டுமா? பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றி 1964-இல் எழுதப்பட்ட சர்வதேச வெனிஸ் சாசனம் இரண்டையும் கேட்கிறது. தொலைந்த பகுதிக்கு மாற்றாக வைப்பது முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், ஆனால் பழையதிலிருந்து பிரித்தறிய முடிய வேண்டும், தவிர்க்க முடியாத புது வேலை தன் காலத்தின் முத்திரையைத் தாங்க வேண்டும் என்கிறது. நியாயம் புரிகிறது. நாளைக்கு அந்தத் தெருவைப் படிக்க வருபவரை ஏமாற்றக் கூடாது. ஆனால் எவ்வளவு வேறுபாடு போதும் என்பதில் எங்கள் துறையிலேயே ஒரே கருத்து இல்லை. நான் மதிக்கும் சிலர் அப்பட்டமான வேறுபாடு வேண்டும் என்பார்கள். எனக்கு, பத்தடி தூரத்தில் தெரிந்தால் போதும், தெருமுனையிலிருந்தே கத்த வேண்டியதில்லை. கோவில் வேலையைப் பார்க்கும்போது இந்தச் சாசனம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதும் தெரிகிறது. பினாங்கின் தண்ணீர்மலையில் 513 படி ஏறிப் போகும் முருகன் மலைக்கோவிலுக்கு 2012-இல் குடமுழுக்கு நடந்தது. அங்கே பழைய முறைப்படி கோபுரம் எழுப்பியதை யாரும் காப்பி என்று சொல்ல முடியாது. சிற்பிகளின் கையில் அந்தத் தொழில் அறுந்துபோகாமல் இருக்கிறது, அளவும் இலக்கணமும் அவர்களுக்குத் தெரியும். கடைவீட்டுப் பூ வேலை செய்த காரைக் கொத்தர்களின் தொழில் இங்கே கிட்டத்தட்ட அறுந்துவிட்டது. தெரிந்த கைகள் செய்தால் அது தொடர்ச்சி. தெரியாமல் அச்சில் வார்த்து ஒட்டினால் வேறு ஏதோ. பெரியப்பாவிடம் இடிந்த வீட்டின் பழைய கதவு நிலைகள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவற்றைத் திறந்து மூடும் கதவாகவே உள்ளே எங்காவது வையுங்கள், முகப்பில் படம்போல மாட்டாதீர்கள்.

கோலாலம்பூர் போகும்போது ஒரு இடத்தை நீங்களும் உங்கள் ஆர்க்கிடெக்ட்டும் சேர்ந்து பார்த்துவிட்டு வரலாம். பழைய ரயில் நிலையம் 1910-இல் கட்டியது, ஹப்பக் என்ற ஆங்கிலேய ஆர்க்கிடெக்ட் வடிவமைத்தது, வட இந்திய மண்டபங்களைப் பார்த்து எடுத்த சின்னக் குவிமாடங்கள் நிறைய. அதற்கு அருகில் 1965-இல் திறந்த தேசியப் பள்ளிவாசல். மடித்த கான்கிரீட் கூரை, 73 மீட்டர் மினாரா, வழக்கமான பெரிய உருண்டைக் குவிமாடம் கிடையாது. பக்கத்துக் கட்டடத்தின் ஒரு வளைவைக்கூட அது எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சுற்றிலும் ஆழமான திண்ணைவெளி, திறந்த பக்கங்கள், தண்ணீர்த் தடாகம், நிழல் என்று இந்த நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் பதில் சொல்கிறது. உயரமான உடம்பை ரயில் நிலையத்தின் முகத்துக்கு நேரே நிறுத்தாமல் தாழ்வாகப் பரவி இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அமுக்கவில்லை. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் 1984-இல் முடிந்த டாயாபூமி அலுவலகக் கட்டடம். பழைய வளைவுகளை நினைவுபடுத்தும் வெள்ளைத் திரையை 35 மாடிக்கும் போர்த்தியிருக்கிறார்கள். அந்தத் திரை கண்ணாடிக்கு நிழல் தருகிறது, அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தரையில் நடந்துபோகிறவருக்குத் தெருவோடு அது ஒட்டவில்லை என்பது என் கருத்து. இதில் மற்றவர்கள் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். பக்கத்திலேயே 1930-களின் சென்ட்ரல் மார்க்கெட், இடிக்கப்பட இருந்தது, தப்பி 1986-இல் புது உபயோகத்துக்குத் திறந்தது. புடு சிறையைப் பார்த்தால் எதிர்ப்பாடம்: 2010-இல் மதிலை இடித்து வாசலை மட்டும் வைத்தார்கள். முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு உடம்பை எடுத்துவிடும் இந்த வேலை கடைவீடுகளுக்கும் நடக்கிறது, முன்சுவரை நிறுத்தி வைத்துப் பின்னால் பல மாடிக் கட்டடம் எழுப்புகிறார்கள். என்னால் அதைப் பாதுகாப்பு என்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். மலைச்சரிவில் இயற்கையோடு இயைந்து கட்டுவது என்றால் முதலில் தண்ணீரைப் பற்றிய பேச்சு, மரமும் கொடியும் பிறகு. 1993 டிசம்பர் 11 அன்று கோலாலம்பூருக்கு அருகே ஹுலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். நாள்கணக்கில் பெய்த மழை, சரியில்லாத வடிகால், தாங்காத தடுப்புச்சுவர் எல்லாம் சேர்ந்து நடந்தது அது. இங்கே 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்தில் சரிவு விழுந்து 11 தொழிலாளர்கள் போனார்கள், அடுத்த வருடம் புக்கிட் குக்குஸில் ஒன்பது பேர். பினாங்கில் 76 மீட்டருக்கு மேலுள்ள இடமும் 25 பாகைக்கு மேல் சரிவான இடமும் கட்டுப்பாட்டுக்குள் வரும். ஆனால் விதிவிலக்கு பெற்ற திட்டங்களும் இருக்கின்றன, அதனால் அனுமதி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நிம்மதி அடைய வேண்டாம்.

மலையை வெட்டிச் சமதளமாக்கி, உயரமான தடுப்புச்சுவர் கட்டி, அதன் மேல் நகரத்து வீட்டையே வைத்து, முன்னால் நாலு பனைச்செடி நட்டால் அதை விளம்பரம் பசுமை வீடு என்று சொல்லும். மலை விடும் தண்ணீர் பழைய வழியை மறப்பதில்லை. நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் பாங்கியில் ஜிம்மி லிம் வடிவமைத்த சாலிங்கர் வீட்டைப் படங்களில் பாருங்கள், 1998-இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது பெற்றது. செங்கால் என்ற கடின மரத்தில் மலாய்த் தச்சு முறையில் செய்த வீடு, தூண்களின் மேல் எழும்பி நிற்கிறது, மண்ணின் சரிவை வெட்டாமல் தண்ணீரும் காற்றும் அடியில் போக விட்டிருக்கிறது. கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீடுகள் எப்போதும் செய்ததுதான் அது. எல்லோராலும் செங்கால் மரத்துக்குச் செலவழிக்க முடியாது, ஆனால் எவ்வளவு மண்ணை வெட்டினார்கள் என்ற கேள்வியை எந்த வீட்டிடமும் கேட்கலாம்.

அக்கா போய்ப் பார்க்கும்போது, மழை பெய்து கொண்டிருக்கையிலேயே போகச் சொல்லுங்கள். தடுப்புச்சுவரில் வைத்த வடிகுழாய்களில் தண்ணீர் வருகிறதா, அல்லது அவை அடைத்துக் காய்ந்து கிடக்க, சுவரின் விரிசல்களில் கசிகிறதா? வருகிற தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, மண் கலந்து வருகிறதா? மண் கலந்து வந்தால் உள்ளே அரிக்கிறது என்று பொருள். சரிவின் மேலே உள்ள கால்வாய்கள் இலையடைத்துக் கிடக்கின்றனவா, அவற்றைச் சுத்தம் செய்யும் பொறுப்பும் செலவும் யாருடையது, சரிவு முழுவதும் வீட்டுக்காரர்களின் பொது நிலமா அல்லது மேலே வேறொருவர் நிலமா? மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்து வளைந்திருந்தால் அதையும் படம் எடுக்கட்டும். நான் ஆர்க்கிடெக்ட், மண்ணியல் எஞ்சினியர் இல்லை. சரிவு நிற்குமா என்று நான் பார்த்துச் சொன்னாலும் நீங்கள் நம்பக் கூடாது. விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு மண்ணியல் எஞ்சினியரை அக்கா தன் செலவில் வைத்து, சரிவைப் பற்றி எழுத்தில் அறிக்கை வாங்கட்டும். அது கையில் வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம்.